வியாழக்கிழமை எடுத்துவந்த துளசி மாடம்

அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எப்போதாவது குற்றம் ஏதேனும் செய்து, அதற்காகக் கைதாகாமல் இருந்திருக்கிறீர்களா? இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் மனைவிகூட என்னை இவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை. படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தை நான் நிரப்பியபோது அது உண்மையாக இருந்தது. சில மாதம் கழித்து, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, அதிகாரியின் முகத்தைப் பார்த்து அதே 'இல்லை'யைச் சொன்னபோது அது பொய். இரண்டுக்கும் நடுவே ஒரு வியாழக்கிழமை வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி எண்பதைத் தாண்டிய ஒரு அம்மாளிடம் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் பத்து மாதம் ஆயிற்று.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா வந்த புதிதில் நாங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். எங்கள் முதல் சோபா, முதல் டிவி மேஜை, பிறக்கப்போகும் மகளுக்கான தொட்டில், எல்லாமே தெருவோரத்திலிருந்து வந்தவை. பெரிய குப்பை எடுக்கும் நாளில் மக்கள் வேண்டாத சாமான்களை வாசலோரம் வைத்துவிடுவார்கள். லாரி வருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய ஆட்கள் புது ஆட்களுக்குச் சொல்லித்தரும் முதல் தகவல் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் எங்கே என்பதல்ல, பல்க் ட்ராஷ் என்றைக்கு என்பதுதான்.

பிறகு டெக்சஸ் வந்தோம். ஆலனில் நான்கு படுக்கையறை வீடு, இரண்டு கார். ஆனால் தெருவோரம் ஒரு நாற்காலி தனியாக நின்றால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

"ஏங்க, மாசா மாசம் சம்பளம் வருதுல்ல? குப்பையப் பாத்தா ஏன் இன்னும் பிரேக் போடறீங்க?" என்பாள் மனைவி.

"குப்பையில்ல. நல்ல மரம்."

"நீங்ககூட நல்ல மரம்தான். நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

என் தொழில் மென்பொருள் தரச் சோதனை. அடுத்தவர் எங்கே தப்புச் செய்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, எண் போட்டு, மரியாதையான ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். அதற்காக விருதெல்லாம் வாங்கியிருக்கிறேன். ஒரு கண்ணாடிப் பலகை. அதை நான் தெருவோரத்தில் எடுக்கவில்லை.

எங்கள் குடியிருப்பின் ஓரத்தில், புது வீடுகள் முடியும் இடத்தில், பழைய பண்ணை வீடு ஒன்று மட்டும் விற்கப்படாமல் நின்றது. பெக்கன் மரங்கள், தகரக் கூரை, ஒரு அஞ்சல் பெட்டி. அந்த வியாழக்கிழமை பல்க் ட்ராஷ் நாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் மெத்தை, எதிரே உடைந்த டிரெட்மில், அடுத்து அந்தப் பண்ணை வீட்டு வாசலில் ஒரு மண் சாமான்.

தொடை உயரம் இருக்கும். நான்கு பக்கம், அடியில் அகலம், மேலே குறுகி, உச்சியில் செடி வைக்கிற மாதிரி திறந்த வாய். சுட்ட மண்தான், ஆனால் மேலே கண்ணாடி பூசியது போல் ஒரு பளபளப்பு. தடவினால் ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சொரசொரவென்றிருந்தது. முன்பக்கம் நடுவில், வளைந்த தலையோடு, ஒரு சின்ன மாடம். அகல் விளக்கு வைக்க அளவெடுத்தது போல. மாடத்துக்கு மேலே யாரோ ஈர மண்ணில் கட்டைவிரலை அழுத்திய ஒரு பள்ளம். என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதை நான் ஒரு சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. முதுகைக் காப்பாற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தூக்கி, மினிவேனின் நடு சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டேன். பொறுப்பானவன்.

வீட்டில் மனைவி கண்ணை அகல விரித்தாள். "தொளசி மாடம்ங்க இது! இங்க எப்படி?"

அவளுக்கு அது பல வருட ஏக்கம். அவளுடைய துளசி ஒரு பிளாஸ்டிக் வாளியில் இருந்தது. கடையில் கிடைக்கும் மாடம் எல்லாம் பளிங்கு மாதிரி நடிக்கும் பிளாஸ்டிக் என்று வாங்க மறுத்திருந்தாள்.

"எவ்ளோ ஆச்சு?"

"ஃப்ரீ. தெருவோரம் கர்ப்ல இருந்துச்சு."

"தொளசி மாடத்தப் போய் யாராவது குப்பைல போடுவாங்களா?"

"அவங்களுக்கு இது தொட்டி. இந்த ஊர்க்காரன் எதை வேணா தூக்கிப் போடுவான்" என்றேன், இருபது வருடம் இந்த ஊர்க்காரனை ஆராய்ந்தவனின் குரலில்.

பின்பக்கத்தில் ஏதோ எழுத்துகள் கீறியிருந்தன. செய்த கம்பெனியின் பெயர் என்று முடிவு செய்து, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, கொல்லைப்புறத்தில் சிமெண்ட் தளம் போட்ட பேட்டியோவில் வைத்தோம். வெள்ளிக்கிழமை அவள் மஞ்சள் பூசி, துளசி நட்டு, கோலம் போட்டு, மாடத்தில் விளக்கேற்றினாள். குங்குமம் வைக்க அந்தக் கட்டைவிரல் பள்ளம் தயாராக இருந்தது. நான் போட்டோ எடுத்து மூன்று வாட்ஸாப் குழுக்களில் போட்டேன். எண்பது லைக்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவின் அஞ்சல் பெட்டி வரிசையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நடுங்குகிற பெரிய எழுத்து. பண்ணை வீட்டு விலாசம், கீழே ஒரு பெண்ணின் கையெழுத்து. வியாழக்கிழமை காலை என் வாசலிலிருந்து ஒரு பழைய மண் சாமானை யாரோ தவறுதலாக எடுத்துப் போய்விட்டார்கள், நான் ஐந்து நிமிடம்தான் உள்ளே போயிருந்தேன், எங்கள் குடும்பத்துக்கு அது முக்கியம், அடுத்த சனிக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

கையில் பீட்சா கூப்பன்களோடு அதை மூன்று முறை படித்தேன். 'தவறுதலாக' என்று அவரே எனக்கு வழி விட்டிருந்தார். அப்போதே போயிருந்தால் பத்து நிமிட வேலை. சாரி, பல்க் ட்ராஷ் என்று நினைத்துவிட்டேன், இந்தாருங்கள். அவர் சிரித்திருப்பார். ஆனால் மஞ்சள் பூசிய சாமானோடு ஒரு வீட்டு வாசலில் நிற்பதை நினைத்தேன். எண்பது லைக்கை நினைத்தேன். மண் சாமான் என்றுதானே எழுதியிருக்கிறார், வேறு எதுவாகவும் இருக்கலாமே என்றும் ஒரு எண்ணம் வந்தது. தரச் சோதனையில் இப்படி எவனாவது எழுதினால் நான் கிழித்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. பேட்டியோவில் இருந்த பெரிய குடையை நகர்த்தி, வேலியோர நடைபாதையிலிருந்து மாடம் தெரியாதபடி வைத்தேன். எடுத்து வந்தது அறியாமை என்று வாதாடலாம். குடையை நகர்த்தினேனே, அதற்கு வக்கீல் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மகள் கண்டுபிடித்தாள். பதினாறு வயது. துளசிக்குத் தண்ணீர் ஊற்று என்று அம்மா சொன்னதால், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் போனவள், சுவருக்கும் மாடத்துக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்திருக்கிறாள். போனில் எழுத்தைக் காட்டினால் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே, அதைப் பிடித்தாள்.

"அப்பா. கம் ஹியர்."

"என்னடா?"

"திஸ் இஸ் நாட் எ பாட். இட்ஸ் எ கிரேவ்."

"என்னது?"

"ஜெர்மன். ஒரு லிட்டில் கேர்ள். ஷி வாஸ் ஃபோர்."

போனை நீட்டினாள். ஒரு பெயர், நான்கு வருட இடைவெளியில் இரண்டு ஆண்டுகள். அதன் கீழே, எங்கள் சின்னப் பெண் இங்கே தூங்குகிறாள். அதற்கும் கீழே, சின்னதாக, அப்பா செய்தது.

சமையலறையிலிருந்து வந்த மனைவி எங்கள் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், கையில் இருந்த கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. பச்சப் புள்ளையோட சமாதி மேலயா நாலு நாளா மஞ்சப் பூசிட்டிருக்கேன்? எங்கேந்துங்க எடுத்தீங்க இத?"

சொன்னேன். காகிதத்தையும் சொன்னேன். குடையை மட்டும் சொல்லவில்லை. அவளே குடையைப் பார்த்தாள்.

"இப்பவே கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க."

"குடுக்கறேன். அடுத்த செவ்வாய்க்கிழம இன்டர்வியூ இருக்குல்ல. அது முடியட்டும்."

"இன்டர்வியூக்கும் இதுக்கும் என்னங்க?"

"அந்தம்மா போலீஸ் கம்ப்ளெய்ண்ட் குடுத்திருந்தா? நான் கொண்டு போய்க் குடுத்தா நானே ஒத்துக்கிட்ட மாதிரி. என்னிக்காவது க்ரைம் பண்ணிருக்கியான்னு கேப்பான்ல?"

"பண்ணிருக்கீங்கதானே?" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் முந்தின வருடம் சிட்டிசன் ஆனவன், அதனால் சட்ட நிபுணன்.

"பாஸ், இன்டர்வியூ முடியற வரைக்கும் பார்க்கிங் டிக்கெட்கூட வாங்கக் கூடாது. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஃப்ரெண்டு ஒரு தொட்டிய எடுத்துட்டான்."

"எந்த ஃப்ரெண்டு? அந்த எண்பது லைக் தொட்டியா?"

"வெச்சிடறேன்."

"பாஸ், பாஸ், போன்ல எதுவும் சொல்லாதீங்க. போட்டோவ டெலீட் பண்ணுங்க."

போட்டோவை அழித்தேன். மனைவி துளசியைப் பிடுங்கி மறுபடி பிளாஸ்டிக் வாளியில் நட்டாள். மஞ்சளைத் துடைத்தாள். சாயங்காலம் பார்த்தால் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப எதுக்கு வெளக்கு?"

"அந்தப் புள்ளைக்கு. உங்களுக்கில்ல."

சனிக்கிழமை மளிகைக்குப் போகும் வழியில் அந்தச் சிறிய சர்ச்சைக் கடக்க வேண்டும். வேறு வழியும் உண்டு, ஆனால் இதுதான் கிட்ட. பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் பதினைந்து, இருபது பேர் கூடி நின்றார்கள். பண்ணை வீட்டு அம்மாளை முன்பின் பார்த்ததில்லை, ஆனால் நெடுநெடுவென்று, வெள்ளை முடியோடு, நடுவில் நின்றவர் அவர்தான் என்று தெரிந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இன்னும் வயதான ஒருவர், வெயிலில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எதுவும் இல்லை. நான் பிரேக் போடவில்லை. தெருவோரக் குப்பைக்கெல்லாம் போடுகிறவன்.

கறிவேப்பிலையும் இட்லி ரவையும் வாங்கிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கோட்டு போட்டுக்கொண்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, பழக்க தோஷத்தில் பேட்டியோவுக்குப் போய் அந்த மாடத்தின் முன் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். இன்டர்வியூ நல்லபடியாக முடிய வேண்டும். கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்த பிறகுதான் எதன் முன்னால் நிற்கிறேன் என்பது உறைத்தது. யாரோ ஒருவரின் நான்கு வயதுக் குழந்தையிடம் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறேன்.

அதிகாரி நல்ல மனிதர். ஆறு கேள்விக்கு ஆறும் சரியாகச் சொன்னேன். செனட்டர்கள் எத்தனை பேர், கொடியில் கோடுகள் எத்தனை. பிறகு அந்தக் கேள்வி. "இல்லை" என்றேன். குரல் பிசிறவில்லை. அவர் கை குலுக்கி வாழ்த்தினார்.

மறுநாள் மாலை அதை மினிவேனில் ஏற்றி, அதே சீட் பெல்ட்டைப் போட்டு, பண்ணை வீட்டுக்குக் கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்கள் வாசலிலிருந்து எடுத்தது நான்தான், மன்னியுங்கள். ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொல் வரும். கதவு திறந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது, அங்க ஓடைப் பக்கம், நடைபாதைல கெடந்துது" என்றது என் வாய்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். எண்பது வயது, ஒடிந்துவிடும் போன்ற உடம்பு, ஆனால் என்ன பலம். உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். காபி என்றால் இந்த ஊர்க் காபி, தண்டனையில் சேர்த்துக்கொள்ளலாம். மாடத்தை மேஜைமேல் வைத்து, அதைத் தொட்டுக்கொண்டே பேசினார். ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

அதைச் செய்தது அவருடைய தாத்தாவின் அப்பா. ஜெர்மனியில் ஒரு குயவர் வீட்டில் நான்காவது பிள்ளை. சக்கரமும் சூளையும் மூத்தவனுக்குப் போகும், நான்காவதுக்கு ஒன்றும் வராது. கப்பலேறி கால்வெஸ்டனில் இறங்கி, அங்கிருந்து ஒரு மாட்டு வண்டியின் பின்னாலேயே வடக்கே நடந்து வந்தாராம். இந்த ஓடைக் கரையில் மண்ணை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, இங்கேயே நின்றுவிட்டார். வெண்ணெய் கடையும் ஜாடி, ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் கூஜா. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது மேலிருந்து உப்பை அள்ளிக் கொட்டுவார். உப்பு ஆவியாகிப் பாத்திரத்தின் மேல் படிந்து பளபளப்பாகிவிடும். ஆரஞ்சுத் தோல் அப்படி வந்ததுதான்.

"ஏழு புள்ளைங்க. வீட்ல ஜெர்மன்லதான் பேசுவார். புள்ளைங்க இங்கிலீஷ்ல பதில் சொல்லும். அவர் காது கேக்காத மாதிரி மண்ணப் பெசஞ்சிட்டிருப்பாராம்" என்று சிரித்தார். எனக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரியும் போல இருந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

"ஆனா ஆரம்பத்துல ரெண்டு வருஷம் அவர் எடுத்தது அடுத்தவன் நிலத்து மண்ணு. ஓடைக்கு அந்தப் பக்கம். யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம, சர்ச் வாசல்ல, அவரே போய்ச் சொல்லிட்டார்."

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "அந்த ஆள் என்ன சொன்னார்?"

"ஒரு வருஷம் பேசலையாம். சர்ச்ல எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிடுவாராம். அப்புறம் அவரே வந்து ஒரு ஜாடி வாங்கினார்."

மூன்றாவது பெண் குழந்தை ஈரப் பானைகளில் எல்லாம் கட்டைவிரலை வைத்து அழுத்திவிடுமாம். ஒவ்வொரு முறையும் அப்பா திட்டிக்கொண்டே பள்ளத்தை வழித்துச் சரி செய்வார். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. கல் வாங்க வசதியில்லை, இதைச் செய்தார். மேலே பூ வைக்க இடம். நடுவில் மெழுகுவத்திக்கு மாடம். முடித்துவிட்டுப் பார்த்தாராம், ஏதோ குறைகிறது. தன் கட்டைவிரலையே அழுத்திவிட்டார். இந்த முறை வழிக்கவில்லை.

பண்ணை நிலத்தில் இருந்த குடும்பக் கல்லறைகளை, நிலம் விற்கப்பட்டதும் சர்ச்சுத் தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். கடைசியாக இது மட்டும் பாக்கி. சனிக்கிழமை பிரார்த்தனையோடு வைப்பதாக இருந்தது. அன்று சக்கர நாற்காலியில் வந்தவர் அந்த அம்மாளின் அண்ணன். ஆரிகனிலிருந்து விமானத்தில் வந்து, திங்கட்கிழமையே திரும்பிவிட்டார். எண்பத்தொன்பது வயது. கண் தெரியாது.

"சின்ன வயசுல அவன் கட்டைவிரல அந்தப் பள்ளத்துல வெச்சா லொடலொடன்னு ஆடும். கெளம்பறதுக்கு முன்னாடியே போன்ல சொன்னான், இப்பவாவது பொருந்துதான்னு பாக்கணும்னு. அதுக்குத்தான் வந்தான்."

உடனே அண்ணனுக்குப் போன் செய்தார். கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று அழுதார். படம் அனுப்பட்டுமா என்று கேட்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். கண் தெரியாதவருக்குப் படம் எதற்கு.

போனை வைத்துவிட்டு மாடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் கரி. மனைவி எவ்வளவு துடைத்தும் போகாத எண்ணெய்க் கரி.

"இது என்ன?"

"வெளக்கு. நாங்க... தினமும் ஒரு வெளக்கு ஏத்தினோம்."

"குழந்தைக்கா?"

ஆமாம் என்றேன். வாக்கியத்தை உண்மையாக வைத்துக்கொள்ள 'நாங்கள்' என்ற சொல் எவ்வளவு உதவுகிறது. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது ஒரு பாட்டில் பீச் ஜாம் கொடுத்தார்.

அடுத்த மாதம் அதை மறுபடி சர்ச்சுத் தோட்டத்தில் வைத்தபோது எங்கள் குடும்பத்தையும் கூப்பிட்டார். பாதிரியார் என் தோளில் கை போட்டு, ஓடையோரம் கிடந்ததை எடுத்துப் பத்திரமாக வைத்து விளக்கேற்றிய நண்பர் என்று அறிமுகம் செய்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இட்ஸ் அவர் கல்ச்சர்" என்றேன். சொன்னேன், மறுக்கவில்லை.

காரில் மகள் முன் சீட்டில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொள்வதற்கு முன், "அப்பா, வீ ஹேவ் எ கல்ச்சர் ஃபார் தட்?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பல நாள் அவளுக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை.

மாதம் ஒரு முறை அந்த அம்மாளைப் பார்க்கப் போவேன். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போவேன். ஒவ்வொரு முறையும் ஜாமோடு திரும்புவேன். அலமாரியில் ஜாம் பாட்டில்கள் வரிசை கட்டின. "பிரெட் வாங்கிட்டு வரட்டுமா, இல்ல உண்மையச் சொல்லிட்டு வரீங்களா?" என்பாள் மனைவி. நடுவே ஒரு நாள் பெரிய அரங்கில் ஆயிரம் பேரோடு நின்று குடியுரிமைச் சத்தியமும் செய்தேன். கையில் குட்டிக் கொடி. வீட்டுக்கு வந்து அதைப் பிளாஸ்டிக் வாளியில் துளசிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள் மனைவி.

மார்ச்சில் அண்ணன் இறந்த செய்தி வந்தது. அவருடைய சாம்பலை இங்கேயே, அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் புதைக்கப் போவதாக அம்மாள் போனில் சொன்னார். அன்றைக்கு உங்கள் வழக்கப்படி ஒரு விளக்கு ஏற்ற முடியுமா என்று கேட்டார். போனை வைத்ததும் மனைவி கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அவ்வளவுதான்.

பண்ணை வீட்டில் அம்மாள் ஒரு கட்டத் துணிப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. அண்ணன் சாம்பல் வரும் பெட்டியை இதில் சுற்றப் போகிறேன் என்றார்.

"அன்னிக்கு இதை எடுக்கத்தான் உள்ள போனேன்" என்றார்.

"என்னிக்கு?"

"அந்த வியாழக்கெழம. சர்ச்லேந்து டிரக் வரப்போகுது, ஏத்தறப்ப ஒடஞ்சிடக் கூடாதேன்னு இந்தப் போர்வைய எடுக்க உள்ள போனேன். எங்க வெச்சேன்னு ஞாபகம் வரல. அஞ்சு நிமிஷம். வெளில வந்தா இல்ல." மடிப்பை நீவினார். "நாலு தலைமுறையா எங்க குடும்பத்துல யாரும் தொலைக்காதத நான் தொலைச்சேன். அண்ணன் ஒண்ணும் சொல்லல. ஆனா போறப்ப, ஏன் வெளில வெச்சேன்னு ஒரு தடவ கேட்டான்."

பத்து மாதமாக நான் என் மானத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் திருடன் என்பாரா, போலீசிடம் சொல்வாரா, சர்ச்சில் பரவுமா. நான் எடுத்ததற்கு இவர் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு முறைகூட என் மூளையில் ஏறவில்லை. பிழை கண்டுபிடிப்பவனுக்கு விருது வேறு.

சொன்னேன். பயிற்சி செய்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. துண்டு துண்டாக வந்தது. நான்தான். குப்பை என்று நினைத்தேன். உங்கள் காகிதத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை சர்ச்சு வழியாகத்தான் போனேன். உங்கள் அண்ணனைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. கல்லறை என்று அப்போது எனக்குத் தெரியும். விளக்கேற்றியது என் மனைவி.

அவர் போர்வையை இன்னொரு முறை மடித்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

"பாத்தியா அவன?"

"பார்த்தேன்."

"தொப்பி மடில இருந்துதா?"

"இருந்துது."

ஜன்னல் வழியே பெக்கன் மரங்களைப் பார்த்தார். நான் அழுவேனோ என்று பயந்தேன். அழுதால் அவர் எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டி வரும். நல்லவேளை, அழவில்லை.

"சனிக்கெழம பத்து மணிக்கு உன் மனைவிய வரச் சொல்லு" என்றார் கடைசியில். "வெளக்கு அவதான ஏத்தினா?"

"ஆமா."

"அவ வரட்டும். நீ வர வேணாம்."

வாசல் வரை வந்தார். ஜாம் இல்லை. எனக்குத் தெரிந்த வரை அந்த வீட்டிலிருந்து நேர்மையாக நான் வாங்கிய முதல் பொருள் அந்த வெறுங்கைதான்.

சனிக்கிழமை மனைவியையும் மகளையும் சர்ச்சு வாசலில் இறக்கிவிட்டேன். மனைவி அகலையும் நல்லெண்ணெய் பாட்டிலையும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். மகள் இறங்கும்போது, "நீ வரலையா?" என்றாள். தமிழில் கேட்டாள்.

"என்னைக் கூப்பிடல."

"ஷி நோஸ்?"

"சொல்லிட்டேன்."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "ஓகே" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் மினிவேனை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் கூட்டம் தெரிந்தது. மனைவி குனிந்தாள். காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது போலிருக்கிறது, அந்த அம்மாள் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் குவித்து மறைப்புப் பிடித்தார். பாதிரியார் சுற்றுமுற்றும் பார்த்து, என் வண்டியை அடையாளம் கண்டு, வா வா என்று கையசைத்தார். அவரிடம் அம்மாள் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் மறுபடி கையசைத்தார். நான் குனிந்து, காரின் தரையில் எதையோ தேடுவது போல, வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.